ஜவுளிக்கும் மருந்துக்கும் அப்பால் ஒரு மதுரை

கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்க்கைப்பட்டிருக்கும் நம் பெண்களிடம், "மதுரையைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "பார்க்காமல் என்ன? எத்தனையோ முறை போய் வந்திருக்கிறோமே!" என்பார்கள். எதற்காகப் போனீர்கள் என்ற அடுத்த கேள்விக்குத்தான் உண்மையான பதில் வெளிவரும். மாமியாருக்குக் கண்ணில் அறுவைச் சிகிச்சை, மகளின் நிக்காஹுக்கு ஜவுளி, கொழுந்தனாருக்குப் பெண் பார்க்க, மறுபடியும் மருத்துவமனை. ஊரின் பெயர் மதுரை. ஆனால் அவர்கள் கண்டதெல்லாம் மருந்து வாடை வீசும் நடைக்கூடத்தையும் துணிக்கடையின் மாடிப்படியையும்தான்.

கம்பத்திலிருந்து ஒரு சகோதரி இப்பகுதிக்கு எழுதியிருந்தார். மணமாகிப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றனவாம். கணவர் ஏலத்தோட்டத்தில் மேற்பார்வை பார்க்கிறவர்; திங்கள் காலை மலையேறினால் சனிக்கிழமைதான் இறங்குவார். "அவர் நல்லவர், எந்தக் குறையும் வைத்ததில்லை. ஆனால் இத்தனை ஆண்டுகளில் ஒரு வேலையும் இல்லாமல், சும்மா, நாங்கள் இருவர் மட்டும் ஒரு நாளைக்கூட எங்கும் கழித்ததில்லை. இப்படி ஆசைப்படுவது தவறா?" என்று கேட்டிருந்தார். கடிதத்தில் முறையீடு ஏதும் இல்லை. அதனால்தான் அது மனத்தை உறுத்திற்று.

தவறில்லை சகோதரி. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா நாயகி (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடியதை ஹதீஸில் படிக்கிறோம்; மேடைகளில் சொல்லி மகிழ்கிறோம். நம் வீட்டில் அது எந்த வடிவில் நடக்கிறது என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. அறிவுரை எழுதி அனுப்புவதைவிட ஒரு நாள் போய் வந்து எழுதுவது மேல் என்று தோன்றிற்று. நானும் என் துணைவியாரும் புறப்பட்டோம்.

புறப்படுமுன்னரே ஒரு சோதனை. மதுரைக்குப் போகிறோம் என்ற செய்தி உத்தமபாளையத்தில் எங்கள் தெருவைத் தாண்டுவதற்குள் நான்கு சீட்டுகள் வந்து சேர்ந்தன. ஒரு மாமிக்கு மூட்டுவலித் தைலம், ஒரு மதினிக்கு மாற்றிக் கொண்டுவர வேண்டிய சட்டைத் துணி, இப்படி. துணைவியார் நான்கையும் பணிவாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இந்தத் தடவை எதுவும் வாங்கப் போகவில்லை, மாமி." மாமிக்கு அது விளங்கவே இல்லை. வாங்கப் போகவில்லை என்றால் வேறு எதற்குப் போகிறார்கள்?

சுபுஹு தொழுதுவிட்டுப் பேருந்து ஏறினோம். ரயிலைப் பற்றிக் கேட்பீர்கள். 1928-இல் ஓடத் தொடங்கிய மதுரை – போடி ரயில், அகலப் பாதைக்காக 2010-ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்டது. 2022 மே மாதம் தேனி வரையிலும், 2023 ஜூனில் போடி வரையிலும் மறுபடி வந்தது. ஆனால் மீண்டும் வந்தபோது, காலையில் மதுரையில் புறப்பட்டு இங்கே வந்து மாலையில் திரும்பும் வண்டியாகவே அது அமைந்தது. மதுரைக்காரர்கள் நம் மலையையும் அருவியையும் பார்த்துவிட்டுப் போக அது பொருத்தம். நாம் அங்கே ஒரு பகலைக் கழித்துவிட்டு வர அல்ல. ஆகவே நமக்குப் பேருந்துதான். ஆண்டிபட்டிக் கணவாயைக் கடந்து உசிலம்பட்டி வழியாகச் செல்லும் அந்தச் சாலையை என் துணைவியார் எத்தனையோ முறை கடந்திருக்கிறார். மடியில் நோயாளியின் தலை இல்லாமல் ஜன்னல் வழியே பார்ப்பது இதுவே முதல் முறை என்றார்.

பள்ளத்தாக்கிலிருந்து வருவோர் பார்க்க வேண்டிய முதல் இடம் நகருக்குள் நுழையும் முன்பே, தேனிச் சாலையில் இருக்கிறது. சம்மட்டிபுரம் கான் சாஹிபு பள்ளிவாசல். அங்கே அடங்கியிருப்பவர் யூசுப் கான். மருதநாயகம் என்று நாடறிந்தவர். இராமநாதபுரம் சீமையில் பனையூரில் பிறந்து, இஸ்லாத்தைத் தழுவி, கும்பினிப் படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, தளபதியாகி, 1759 முதல் மதுரையை ஆண்டவர். கொள்ளையை ஒடுக்கினார், கண்மாய்களைச் சீர் செய்தார், கோயில் நிலங்களையும் காப்பாற்றிக் கொடுத்தார் என்று வரலாறு அவரைப் பாராட்டுகிறது. ஆர்க்காட்டு நவாபுக்கும் கும்பினிக்கும் கட்டுப்பட மறுத்தபோது மதுரைக் கோட்டை முற்றுகைக்கு உள்ளாயிற்று. முற்றுகையால் விழாத மனிதரைக் கூட இருந்தவர்களே பிடித்துக் கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15-ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். இப்போதுள்ள பள்ளிவாசல் 1808-இல் எழுந்தது.

இறந்த பின்னும் அவர்மீது அச்சம் தீராமல் உடலைத் துண்டித்துப் பல ஊர்களுக்கு அனுப்பினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. உடல் இங்கே, தலை திருச்சிக்கு, கைகள் பாளையங்கோட்டைக்கு, கால்களில் ஒன்று நம் பெரியகுளத்துக்கு. இதைச் சொன்னபோது துணைவியார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அவருக்கு வீட்டார் இருந்தார்களா?" என்று கேட்டார். இருந்தார், மாசா என்று பெயர். போர் வரலாறு எழுதியவர்கள் அந்த அம்மையாருக்கு ஒதுக்கியது சில வரிகள்தாம்.

ஆரப்பாளையம் நிலையத்தில் இறங்கியதும் பசியாறியாக வேண்டும். இட்டிலி எங்கும் கிடைக்கும். நான் சொல்ல விரும்புவது பருத்திப்பாலை. பருத்திக் கொட்டையை ஊற வைத்து ஆட்டிப் பாலெடுத்து, அரிசி மாவும் கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சி, மேலே தேங்காய்த் துருவல் தூவித் தருகிறார்கள். நெஞ்சுச் சளிக்கு நல்லது என்பார்கள். மாட்டுக்கு வைக்கும் பருத்திக் கொட்டையில் மனிதர் குடிக்க இப்படியொரு சுவை இருக்கிறதா என்று வியந்த துணைவியார், தள்ளுவண்டிக்காரரிடம் பக்குவம் கேட்கத் தொடங்கிவிட்டார். அவரும் மகிழ்ச்சியோடு சொன்னார். சுக்கைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டுமாம்.

அங்கிருந்து நகரப் பேருந்தில் பெரியார் நிலையம். பக்கத்தில் பழைய கோட்டையின் மேற்கு வாசல் பகுதி மட்டும் மிஞ்சி நிற்கிறது. நம்மில் பலர் அதன் நிழலில் பேருந்துக்குக் காத்திருப்போமே தவிர நிமிர்ந்து பார்ப்பதில்லை. கான் சாஹிபு நின்று போரிட்ட கோட்டையின் மதில்களை 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்து அகழியைத் தூர்த்தார். மதில் நின்ற இடமே இன்று வெளி வீதிகள். இடிப்பு வேலையில் ஈடுபட்ட நில அளவையாளர் மாரெட்டின் பெயராலும், பெருமாள் மேஸ்திரியின் பெயராலும் தெருக்கள் இன்றும் இருக்கின்றன. "கோட்டை எங்கே?" என்று கேட்ட துணைவியாரிடம், "அதன் மேல்தான் நடந்துகொண்டிருக்கிறோம்" என்றேன். குனிந்து தரையைப் பார்த்தார்.

நிலையத்துக்கு அருகிலேயே காஜிமார் தெரு. காஜி சையித் தாஜுத்தீன் (ரஹ்) அவர்களுக்குப் பாண்டிய மன்னர் அளித்த நிலத்தில், பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்தது காஜிமார் பெரிய பள்ளிவாசல் என்பது மரபு. அந்தக் குடும்பத்தின் வழிவந்தோர் அந்தத் தெருவிலேயே வாழ்ந்து வருகின்றனர். டில்லிப் படை தெற்கே வருவதற்கு முன்பே, ஒரு தமிழ் மன்னரின் கொடையில் இந்த மண்ணில் தொழுகை நிலைபெற்றுவிட்டது என்பதை நம் பிள்ளைகளுக்கு எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்?

இனி ஒரு கசப்பைச் சொல்லியாக வேண்டும். கடைவீதிப் பக்கம் இருந்தபோது லுஹருடைய நேரம் வந்தது. எங்கள் ஊரிலிருந்து மதுரை நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆகவே இரண்டு ரக்அத்தாகச் சுருக்கித் தொழும் பயணி நாங்கள். எனக்கு எந்தச் சிரமமும் இல்லை, முன்னே தெரிந்த பள்ளிவாசலுக்குள் நுழைந்துவிடலாம். துணைவியாருக்கு? ஓரிடத்தில் "பெண்களுக்கு வசதி இல்லை" என்றார்கள். கடுமையாகச் சொல்லவில்லை, ஆனால் அதற்கு மேல் யோசிக்கவும் இல்லை. விசாரித்துக்கொண்டே வெயிலில் நடந்து, வேறோர் இடத்தில் பெண்களுக்கெனத் தடுத்த சிற்றறை ஒன்றும், ஒளூச் செய்யத் தனிக் குழாயும் இருக்கக் கண்டோம். இவ்வளவுதான் தேவை. ஒரு தடுப்பு, ஒரு குழாய், ஒரு பாய். பளிங்குத் தரைக்கும் மினாராவுக்கும் வசூல் செய்கிற ஜமாஅத்தார், மருத்துவமனைக்கும் கடைவீதிக்கும் நாள்தோறும் வந்து போகும் நூற்றுக்கணக்கான பெண்கள் எங்கே தொழுவார்கள் என்பதையும் கணக்கில் சேர்க்கலாம். பெண்கள் வெளியே செல்வதில்லை என்பது காகிதத்தில் மட்டும் உள்ள கணக்கு.

பகல் உணவுக்கு மதுரையில் குறை வைக்க முடியாது. தோசைமேல் முட்டையும் அதன்மேல் கொத்துக்கறியுமாக மூன்றடுக்காக வரும் கறி தோசை இந்த ஊரின் அடையாளம். ஹலால்தானா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். கேட்பதில் வெட்கமில்லை, கேட்டால் யாரும் கோபிப்பதும் இல்லை. சோறும் கறியும் உண்டு, கடைசியில் ரசம் வந்தபோது எனக்கு இப்னு பதூதாவின் நினைவு வந்தது.

உலகம் சுற்றிய அந்த மொராக்கோ நாட்டுப் பெரியார், 1344-ஆம் ஆண்டளவில் இலங்கையிலிருந்து கடலில் வந்து, கப்பல் சேதமுற்றுத் தமிழ்க் கரையில் ஒதுங்கினார். அப்போது மதுரையில் சுல்தான்களின் ஆட்சி. டில்லியிலிருந்து பிரிந்து அதைத் தொடங்கிய ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாஹ் வேறு யாருமல்லர், இப்னு பதூதாவின் மாமனார்! இவர் வந்தபோது மாமனார் இறந்துவிட்டார். அரியணையில் இருந்த கியாஸுத்தீனோ அதே வீட்டின் இன்னொரு மருமகன். மதுரை அகன்ற தெருக்களைக் கொண்ட பெரிய நகரம் என்றும், தம் மாமனார் அதை டில்லியைப் போல அமைத்தார் என்றும் எழுதி வைத்திருக்கிறார். கைதிகளின் பெண்களையும் பிள்ளைகளையும்கூட விடாத சகலரின் கொடுமையையும் ஒளிக்காமல் கண்டித்து எழுதியிருக்கிறார். நம்மவர் என்பதற்காக மறைக்காத அந்த நேர்மை பெரிது.

அப்போது ஊரில் கொள்ளை நோய். நோயில் விழுந்தவர்கள் இரண்டு மூன்று நாட்களில் இறந்துகொண்டிருந்தார்கள். சுல்தானின் மனைவி, தாய், மகன் எல்லோரும் போனார்கள். இப்னு பதூதாவுக்கும் கடும் காய்ச்சல். அந்த ஊரில் நிறையக் கிடைத்த புளியை, ஏறத்தாழ ஒரு ராத்தல், நீரில் கரைத்துக் குடித்தாராம். மூன்று நாட்கள் வயிறு கழிந்து, அல்லாஹ்வின் அருளால் குணமானதாம். இதைக் கேட்ட துணைவியார், "வெறும் புளித்தண்ணீரா? ஒரு புளியாணம் வைத்துக் கொடுக்க வீட்டில் ஆள் இல்லையா?" என்றார்.

இல்லை. அதுதான் செய்தி. மதுரையை ஆண்டவரின் மகளும் இப்னு பதூதாவின் மனைவியுமான அந்த அம்மையாரின் பெயர் ஹூர் நஸப். இரவில் எழுந்து தொழும் நல்ல பெண்மணி என்று கணவரே எழுதியிருக்கிறார். டில்லியில் மணந்துகொண்டார், ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. பிறகு அவ்விருவரும் என்ன ஆனார்கள் என்பது தமக்குத் தெரியாது என்று முடித்துவிடுகிறார். மாமனார் ஊரைக் கணவர் பார்த்தார், தெருவை அளந்தார், புளி குடித்தார். அந்த ஊருக்குரியவரின் மகள் அவருடன் இல்லை. உலகத்தின் பாதியைச் சுற்றியவரின் நூலில் எனக்கு மிக நீளமாகத் தோன்றுவது அந்த ஒற்றை வரிதான். துணைவியார் ரசத்தை முடித்துவிட்டு, "அந்தப் பெண் பிள்ளைக்கு என்ன பெயர்?" என்று கேட்டார். அது எனக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

பிற்பகலில் திருமலை நாயக்கர் மஹால். 1636-இல் கட்டியது, இன்று நிற்பது முன்பிருந்ததில் கால் பங்குதான். பேரர் சொக்கநாதர் திருச்சியில் மாளிகை எழுப்ப இதைப் பிரித்துக்கொண்டு போனார். சிதைந்து கிடந்ததை, 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு பழுது பார்க்கச் செய்தார். செங்கல்லும் சுண்ணாம்பும்தான், சிப்பிச் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக் கருவைச் சேர்த்துப் பூசிய பளபளப்பு. இந்து அரசரின் அரண்மனையில் கூர்வளைவுகளும் குவிமாடமும் நம் கட்டடக் கலையின் சாயலோடு நிற்கின்றன. இரண்டு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத தூண்கள். அவற்றில் ஆணும் பெண்ணுமாக எத்தனை பெயர்களைக் கீறி வைத்திருக்கிறார்கள்! மணமாகிப் பத்து ஆண்டு கழித்து வந்து கீறியவர் ஒருவரும் இருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். அந்தச் செயலைத் தடுக்க அதுவும் ஒரு வழி போலும்.

அடுத்து விளக்குத்தூண். அது கோட்டையை இடித்த அதே பிளாக்பர்னுக்கு ஊரார் வைத்த நினைவுத் தூண். அதன் பக்கத்தில்தான் ஜிகர்தண்டா. ஜிகர் என்றால் ஈரல், தண்டா என்றால் குளிர்ச்சி. பெயரே உருதுவிலிருந்து வந்தது. சுண்டக் காய்ச்சிய பால், ஊறிய பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே பால் ஐஸ். கடற்பாசி சேர்ப்பாரும் உண்டு. நோன்பு மாதத்தில் நம் வீடுகளில் செய்வதுதானே. நின்றுகொண்டே குடிக்க வேண்டும். நடுத்தெருவில் நின்று குடிப்பதா என்று தயங்கிய துணைவியார், பக்கத்தில் புர்காவில் ஒரு மூதாட்டி இரண்டாவது கோப்பைக்குக் கை நீட்டியதைக் கண்டு தைரியம் கொண்டார்.

புது மண்டபத்துத் தையற்கடைகளைக் காட்ட எண்ணியிருந்தேன். சித்திரைத் திருவிழாவுக்கு உடை தைத்துக் கொடுத்தவர்களில் முஸ்லிம் தையற்காரர்கள் பலர். அந்தக் கடைகள் இப்போது அங்கே இல்லை. குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாற்றப்பட்டுவிட்டன. அங்கே நுழைந்தால் துணி வாங்காமல் வர முடியாது என்று துணைவியாரே வேண்டாம் என்றார்.

அஸருக்குப் பின் வைகையைக் கடந்தோம். 1889-இல் கட்டப்பட்ட ஆல்பர்ட் விக்டர் பாலத்தில் நடந்தே போனோம். ஆற்றில் ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர். மேற்கே போக வேண்டிய பெரியாற்று நீரை 1895-இல் அணை கட்டி மலையைக் குடைந்து திருப்பியதால், லோயர் கேம்பில் இறங்கி, நம் வயல்களைத் தொட்டு, வைகை அணையில் தேங்கி இங்கே வருகிறது. "நம் ஊர்த் தண்ணீர்தான்" என்று கம்பிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். நான் அவசரப்படுத்தவில்லை. அவசரப்படுத்தாமல் இருப்பதற்காகத்தானே வந்தது.

அக்கரையில் கோரிப்பாளையம் தர்கா. பாரசீகத்தில் 'கோர்' என்றால் கப்று. ஊர்ப்பெயர் அதிலிருந்து வந்தது என்பர். சுல்தான்கள் அலாவுத்தீன், ஷம்சுத்தீன் ஆகியோர் அடங்கியிருக்கும் இவ்விடத்துக்கு முற்காலப் பாண்டியர் ஆறு ஊர்களை விட்டதையும், 1573-இல் வீரப்ப நாயக்கர் அதை உறுதிப்படுத்தியதையும் கல்வெட்டு சொல்கிறது. ஜியாரத் பற்றிய கருத்து வேறுபாடுகளுக்குள் இப்பகுதி நுழைவதில்லை. ஆட்சி மாறியும் முந்தைய அரசரின் கொடையை மதித்து நிற்கும் அந்தக் கல்லை மட்டும் எல்லோரும் படிக்கலாம்.

மக்ரிபுக்குப் பிறகு ஆரப்பாளையத்தில் ஒரு முழம் மல்லிகை. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி. நாள் முழுவதும் நாங்கள் வாங்கிய ஒரே பொருள். கம்பம் சகோதரியின் கணவருக்கு ஒரு செய்தி: இந்த நாளுக்கு ஆன மொத்தச் செலவு, ஒரு நடுத்தரப் பட்டுச் சேலையின் விலையில் பாதிகூட இல்லை. சனிக்கிழமை இறங்குகிறீர்கள், ஞாயிறு உங்கள் கையில் இருக்கிறது.

வண்டி ஆண்டிபட்டிக் கணவாயில் ஏறும்போது துணைவியார் உறங்கிவிட்டார் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே கேட்டார்:

"என்னங்க, கான் சாஹிபுடைய கால் பெரியகுளத்தில் எந்த இடத்தில் இருக்கிறதாம்? அது நமக்குப் பக்கம்தானே. காலையில் போனால் லுஹருக்கு வீடு வந்துவிடலாம்."